உட்பிரிட்ஜின் பத்தொன்பதாம் நூற்றாண்டு மனிதர்கள்: யார் ஊர்க்காரர், யார் அக்கம்பக்கத்தார்?

கேள்வி கேட்ட நண்பர், இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில் உள்ள உட்பிரிட்ஜ் என்ற சிறிய சந்தை ஊருக்குச் செல்லவிருப்பதாகவும், அங்கே 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குறிப்பிடத்தக்கவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் எழுதியிருக்கிறார். பாரசீகக் கவிஞர் உமர் கய்யாமை ஆங்கிலத்தில் தந்த எட்வர்டு ஃபிட்ஸ்ஜெரால்டு அந்த ஊர்க்காரர்தானா, அல்லது ஊர்ப் பெருமைக்காக அப்படிச் சொல்கிறார்களா என்பது அவருடைய ஐயம். உண்மையில் இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒருவரை ஓர் ஊருக்கு உரியவர் என்று எதை வைத்துச் சொல்வது என்பது ஒன்று. ஐயாயிரம் பேரை ஒட்டிய மக்கள்தொகை கொண்ட ஓர் ஊரைச் சுற்றி எழுத்தும் ஓவியமும் அறிந்த இத்தனை பேர் ஒரே காலத்தில் எப்படிச் சேர்ந்தார்கள் என்பது மற்றொன்று. நான் பல ஆண்டுகள் ஆங்கில இலக்கியம், குறிப்பாக அந்த நூற்றாண்டின் கவிதையும் கடித இலக்கியமும், கற்பித்தவன். அவ்வூரின் நிலப் பத்திரங்களையோ தேவாலயப் பதிவேடுகளையோ புரட்டிப் பார்த்தவன் அல்லன். ஆகவே கடிதங்களும் அச்சேறிய நூல்களும் எதுவரை இட்டுச் செல்லுமோ அதுவரை மட்டுமே என் பதில் செல்லும்.

முதல் கேள்வியில் கொஞ்சம் கறாராக இருப்பது நல்லது. ஊருக்குள்ளேயே வீடு வைத்து, அங்கேயே பிழைத்து, அங்கேயே மறைந்தவர்கள் சிலர். நாலைந்து மைல் தொலைவுக் கிராமங்களில் வாழ்ந்துகொண்டு, சந்தைக்கும் வங்கிக்கும் அச்சகத்துக்கும் உட்பிரிட்ஜையே நம்பியிருந்தவர்கள் சிலர். நண்பரைப் பார்க்க வந்து இரண்டொரு நாள் தங்கிப் போனவர்கள் இன்னும் சிலர். சுற்றுலாக் குறிப்புகள் இந்த மூன்று வகையினரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. உதாரணமாகக் கவிஞர் டென்னிசன் 1876இல் மகனோடு வந்து சந்தைத் திடலில் உள்ள புல் விடுதியில் தங்கினார் என்பது உண்மை. அதை வைத்து அவரை இந்த ஊரோடு சேர்க்க முடியாது. வரலாற்றாசிரியர் கார்லைல் 1855இல் வந்து போனதும் அப்படித்தான்.

எந்தத் தடையும் இல்லாமல் ஊர்க்காரர் என்று சொல்லத்தக்கவர் பெர்னார்டு பார்ட்டன். 1784இல் பிறந்து 1849இல் மறைந்த குவேக்கர் கவிஞர் (குவேக்கர் என்பது எளிமையையும் அமைதியையும் வலியுறுத்தும் ஒரு கிறிஸ்தவப் பிரிவு). இளம் வயதில் உட்பிரிட்ஜுக்கு வந்து, மைத்துனரோடு சேர்ந்து நிலக்கரியும் தானியமும் விற்கும் வணிகத்தில் இறங்கினார். 1808இல் மகள் லூசியைப் பெற்றெடுத்தபோது மனைவி இறந்துவிட, வணிகத்தை விட்டு லிவர்பூலில் சிறிது காலம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, மீண்டும் உட்பிரிட்ஜுக்கே வந்து அலெக்சாண்டர் குடும்பத்தாரின் வங்கியில் எழுத்தராகச் சேர்ந்தார். அதன் பிறகு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அதே வங்கி, அதே கணக்குப் பேரேடு. பகலில் கணக்கெழுதி, இரவில் கவிதை எழுதித் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அவர் காலத்தில் அவருக்கு இருந்த புகழ் இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கும். 1824இல் குவேக்கர் அன்பர்கள் தங்களுக்குள் 1,200 பவுண்டு திரட்டி அவருக்குக் கொடுத்தார்கள். 1846இல் பிரதமர் ராபர்ட் பீல் ஆண்டுக்கு 100 பவுண்டு அரசு ஓய்வூதியம் வாங்கித் தந்தார்.

இன்று பார்ட்டனின் கவிதைகளை யாரும் விரும்பி எடுத்துப் படிப்பதாகத் தெரியவில்லை. என் கருத்திலும் அவற்றில் பெரும்பாலானவை நல்ல மனமும் தளர்ந்த நடையும் கொண்டவை. ஆனால் அவருக்கு வந்த கடிதங்களுக்காக அவரை மறக்க முடியாது. வங்கி வேலையை உதறிவிட்டு எழுத்தையே நம்பி வாழலாமா என்ற எண்ணம் அவரை நெடுங்காலம் அலைக்கழித்தது. 1812இல் கவிஞர் பைரன் அவருக்கு எழுதிய கடிதத்தில், எழுத்தைப் பிழைப்பாக நம்ப வேண்டாம் என்றார். 1823இல் கட்டுரையாளர் சார்லஸ் லாம் இன்னும் அழுத்தமாக எழுதினார்: புத்தக வணிகரை நம்பிப் பிழைப்பதைவிட உயரமான பாறையிலிருந்து இரும்பு முட்களின் மேல் குதித்துவிடலாம், வங்கியை விடாதே என்பது அதன் சாரம். லாம் வெறும் புத்திமதி சொல்லவில்லை. அவரும் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுத்தராக உட்கார்ந்தவர். மாதச் சம்பளம் ஓர் எழுத்தாளனுக்கு என்ன கொடுக்கிறது, எதைப் பறிக்கிறது என்பதை உடம்பால் அறிந்தவர். பார்ட்டன் அந்தச் சொல்லைக் கேட்டார். சாகும்வரை வங்கியை விடவில்லை.

பார்ட்டனின் நண்பர் தாமஸ் சர்ச்யார்டு, 1798இல் பக்கத்து மெல்டனில் பிறந்து 1865இல் மறைந்த வழக்கறிஞர். நிலக்கிழார்களின் காட்டில் திருட்டுத்தனமாக முயலும் கௌதாரியும் பிடித்து மாட்டிக்கொண்ட ஏழைகளுக்காக நீதிமன்றத்தில் வாதாடுவதில் பெயர் பெற்றவர். மனமெல்லாம் ஓவியத்தில். ஊரை ஒட்டி ஓடும் டெபென் ஆற்றங்கரை, வயல்வரப்பு, மரநிழல், மாலை வெளிச்சம் என்று உள்ளங்கை அகலப் பலகைகளில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தள்ளினார். தொழிலில் வந்த பணம் பழைய ஓவியங்கள் வாங்குவதில் கரைந்தது. அவர் இறந்தபோது ஏழு மகள்களுக்கு ஓவியங்களைத் தவிர விட்டுச்செல்ல அதிகம் இருக்கவில்லை. இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அந்த மகள்களும் தந்தையிடம் பயின்று அதே இடங்களை அதே பாணியில் வரைந்தவர்கள். ஆகவே சர்ச்யார்டு வரைந்தது என்று விலைக்கு வரும் ஒவ்வொரு சிறு ஓவியமும் அவர் கையால் ஆனது என்று உறுதி கூற இயலாது. இப்ஸ்விச் நகரின் அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளவற்றை முதலில் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வதே பாதுகாப்பான வழி.

இப்போது ஃபிட்ஸ்ஜெரால்டு. அவர் பிறந்தது உட்பிரிட்ஜில் அன்று. ஊருக்கு வடக்கே சில மைல் தொலைவில் உள்ள பிரெட்ஃபீல்டு மாளிகையில், 1809 மார்ச் 31 அன்று. அப்போது அவர் பெயர் எட்வர்டு பர்செல். தாய்வழிப் பாட்டனார் 1818இல் இறந்தபின், பெருஞ்செல்வத்தோடு அவருடைய குடும்பப் பெயரையும் பெற்றோர் ஏற்றுக்கொண்டதால் ஃபிட்ஸ்ஜெரால்டு ஆனார். கேம்பிரிட்ஜில் படித்து முடித்தபின் வேலை எதுவும் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. 1837 முதல் பூல்ஜ் என்ற கிராமத்தில் பெற்றோரின் மாளிகை வாசலை ஒட்டிய கூரைக் குடிலில் புத்தகங்களோடு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தார். அந்தக் காலத்தில் அவரும், பார்ட்டனும், சர்ச்யார்டும், கவிஞர் ஜார்ஜ் கிராபின் மகனும் பிரெட்ஃபீல்டின் பங்குக் குருவுமான இளைய கிராபும் ஒருவர் வீட்டில் மற்றவர் கூடி, உண்டு, ஓவியம் பார்த்து, கவிதை பேசி வந்தார்கள். உட்பிரிட்ஜின் அறிவாளர் குழு என்று பின்னாளில் சொல்லப்படுவது இந்த நால்வரைத்தான். குழு என்றவுடன் கொள்கையும் பத்திரிகையும் கொண்ட இயக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரு வங்கி எழுத்தர், ஒரு வக்கீல், ஒரு பாதிரியார், வேலையில்லாத ஒரு செல்வர், அவ்வளவுதான்.

ஊருக்குள்ளேயே அவர் குடிவந்தது 1860இன் இறுதியில். சந்தைத் திடலில் பெர்ரி என்ற துப்பாக்கி வணிகரின் கடைக்கு மேலே இருந்த அறைகளில் 1873 வரை வாடகைக்கு இருந்தார். பிறகு ஊரின் விளிம்பில் தமக்குச் சொந்தமான லிட்டில் கிரேஞ்ச் வீட்டுக்குப் போனார். ஆக, வாழ்வின் கடைசி இருபத்து சொச்சம் ஆண்டுகள் அவர் ஐயத்துக்கு இடமின்றி உட்பிரிட்ஜ்வாசி. உயரமான தொப்பி காற்றில் பறக்காதபடி கைக்குட்டையால் கட்டி, தோளில் கட்டம்போட்ட கம்பளிப் போர்வை போட்டு, ஆற்றங்கரையில் தனியே நடந்து செல்பவராகவே ஊரார் அவரை அறிந்திருந்தனர். ரொட்டி, பழம், தேநீர் என்று எளிய மரக்கறி உணவு. கண் மங்கியபின் ஊர்ச் சிறுவர்களைக் கூலிக்கு அமர்த்தி மாலையில் புத்தகம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஒரு பாய்மரப் படகு வைத்திருந்தார். அதற்கு ‘வம்பு’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டி, உட்பிரிட்ஜின் முதன்மையான விளைபொருள் அதுதானே என்று காரணமும் சொன்னார். ஊரார் அவரைப் பற்றி எவ்வளவு பேசியிருப்பார்கள் என்பது அந்தப் பெயரிலிருந்தே விளங்கும்.

அந்தப் பேச்சுக்குப் பெரிய காரணம் அவருடைய திருமணம். பார்ட்டன் இறந்தபின் அவர் மகள் லூசியை ஆதரிக்கும் பொறுப்பு தமக்கு உண்டு என்று ஃபிட்ஸ்ஜெரால்டு கருதியதும், 1856 நவம்பரில் அவரை மணந்ததும், ஓராண்டு நிறைவதற்குள் பிரிந்ததும் உறுதியான செய்திகள். மரணப் படுக்கையில் பார்ட்டனே இருவர் கையையும் இணைத்துவைத்தார் என்ற கதையை மட்டும் நான் ஏற்கத் தயங்குகிறேன். பார்ட்டன் 1849 பிப்ரவரியில் ஒரு மாலை நேரத்தில் திடீரென்று இறந்தவர். அப்படியொரு காட்சிக்கு அங்கே நேரமே இருக்கவில்லை. திருமணத் தோல்விக்கு லூசியைக் குறை சொல்லும் வாழ்க்கை வரலாறுகள் உண்டு. ஐம்பதை நெருங்கும்வரை தன்னிச்சையாக வாழ்ந்த ஒருவர், ஒழுங்கான இல்லறத்தை எதிர்பார்த்த பெண்ணைக் கடமைக்காக மணந்தார் என்பதே எனக்குப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. லூசி 1898 வரை வாழ்ந்தார்.

உமர் கய்யாம் இந்த ஊருக்கு வந்த வழி இப்ஸ்விச் வழியாக. அந்நகரில் 1826இல் பிறந்த எட்வர்டு கவெல், தந்தையின் வணிகத்தைக் கவனித்தபடியே நூலகத்தில் கிடைத்த நூல்களைக் கொண்டு பாரசீகம் கற்றவர். அவர்தான் தம்மைவிடப் பதினேழு வயது மூத்த ஃபிட்ஸ்ஜெரால்டுக்குப் பாரசீகம் சொல்லிக் கொடுத்தார். 1856இல் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் உமர் கய்யாமின் 158 பாடல்கள் கொண்ட சுவடி ஒன்றைக் கவெல் கண்டு, படியெடுத்துக் கொடுத்துவிட்டு, அதே ஆண்டு கல்கத்தாவின் மாநிலக் கல்லூரியில் வரலாறு கற்பிக்கப் புறப்பட்டார். அங்கே ஆசியக் கழக நூலகத்தில் இன்னொரு சுவடி கிடைக்க, அதன் படியையும் அனுப்பிவைத்தார். வித்யாசாகர் விலகியபின் கல்கத்தா சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வரானதும், 1867இல் கேம்பிரிட்ஜின் முதல் சமஸ்கிருதப் பேராசிரியரானதும் இதே கவெல்தான். ஆசிரியரைப் பிரிந்த துயரும், உடைந்த திருமணமும் ஒருசேர அழுத்திய மாதங்களில்தான் ஃபிட்ஸ்ஜெரால்டு அந்தப் பாடல்களோடு உட்கார்ந்தார்.

‘ருபாயத்’ என்ற அந்த மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் படியை ஒரு பத்திரிகை ஓராண்டுபோல் வைத்துக்கொண்டு வெளியிடாமல் விடவே, 1859இல் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். 75 பாடல்கள், மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை. நூல் விற்கவில்லை; விற்பனையாளர் குவாரிச் அதைக் கழிவு விலைப் பெட்டியில் போட்டார். 1861இல் விட்லி ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் அதைக் கண்டு ஓவியரும் கவிஞருமான ரோசெட்டியிடம் கொடுக்க, அங்கிருந்து அதன் புகழ் பரவியது. ஒரு பென்னிக்கு விற்றது மறுநாளே இரண்டு பென்னியானது என்பது போன்ற விவரங்கள் பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து சொல்லப்பட்டவை. அவற்றை ஓரளவுக்கு மேல் நம்ப வேண்டியதில்லை. தமிழ் வாசகர் கவனிக்க வேண்டிய செய்தி இதற்கு அடுத்தது. 1862இல், மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாமலே, அந்நூல் சென்னையில் மறு அச்சானது. இரண்டாம் ஆங்கிலப் பதிப்புக்கு ஆறு ஆண்டுகள் முந்தியது அது. அதே ஆண்டில் ஸ்டோக்ஸ் சென்னைக்கு வழக்கறிஞராக வந்தார் என்பதால் அச்சிட்டவர் அவரே என்பது ஆய்வாளர்களின் பொதுக் கருத்து. எனக்கும் அதில் மாறுபாடில்லை.

அது மொழிபெயர்ப்பா, புதுப் படைப்பா என்ற பழைய வழக்குக்கு எட்வர்டு ஹெரன்-ஆலன் 1899இல் வரிவரியாக ஒப்பிட்டுச் சொன்ன விடையை நான் ஏற்கிறேன். இறுதி வடிவத்தின் 101 பாடல்களில் 49 மட்டுமே ஒரே ஒரு பாரசீகப் பாடலைத் தழுவியவை. 44 பாடல்கள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை இணைத்துப் பின்னியவை. ஃபிட்ஸ்ஜெரால்டு இதை மறைக்கவும் இல்லை. பஞ்சடைத்த கழுகைவிட உயிருள்ள சிட்டுக்குருவி மேல் என்று கவெலுக்கே எழுதினார். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இந்த ஆங்கில வடிவத்திலிருந்து தமிழுக்குத் தந்தபோதும் அதே உரிமையை எடுத்துக்கொண்டார். மரநிழலில் அமர்ந்தவன் கையில் கம்பன் கவி வந்தது அப்படித்தான். நம்மில் பலர் உட்பிரிட்ஜ் என்ற பெயரைக் கேள்விப்படாமலே அவ்வூர்க்காரர் ஒருவரின் கைவண்ணத்தைப் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம்.

அக்கம்பக்கத்தாரில் நமக்கு நெருக்கமானவர் மேஜர் எட்வர்டு மூர். பன்னிரண்டு வயது நிறையும் முன்பே, 1782இல், கம்பெனிப் படையில் சேர்ந்து கப்பல் ஏறியவர். பம்பாய்க்குப் புறப்பட்ட கப்பல்கள் எதிர்க்காற்றினால் சென்னைக்கு வந்துசேர, சென்னைப் படையிலேயே பணியைத் தொடங்கினார். பிறகு பம்பாய்ப் படைக்கு மாறி, திப்புவுக்கு எதிரான போரில் 1791இல் பலமுறை குண்டடி பட்டார். 1806இல் கம்பெனிப் பணியை முடித்துக்கொண்டு, உட்பிரிட்ஜுக்கு மேற்கே கிரேட் பீலிங்ஸ் கிராமத்தில் குடியேறி, 1810இல் இந்துக் கடவுளரைப் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட படத் தகடுகளோடு ஒரு பெருநூலை வெளியிட்டார். ஐரோப்பாவில் நெடுங்காலம் பலரும் எடுத்துப் பார்த்த நூல் அது. அதன் விளக்கங்களில் பல இன்று செல்லா. படங்களின் மதிப்போ குறையவில்லை. தோட்டத்தில் தாம் கொண்டுவந்த தெய்வச் சிலைகளைப் பதித்து ஒரு சிறு கூம்புக் கோபுரமும் கட்டினார். சஃபோக் வட்டார வழக்குச் சொற்களை அவர் தொகுத்த அகராதி 1823இல் உட்பிரிட்ஜின் லோடர் அச்சகத்தில் அச்சானது. சிறுவனாக மூரோடு வயல்களில் நடந்த ஃபிட்ஸ்ஜெரால்டு, முதுமையில் அதே கடற்கரை மீனவரின் சொற்களைத் தொகுத்தது தற்செயல் அன்று.

1834 பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை, மூர் தேவாலயத்திலிருந்து திரும்பியபோது, ஆளில்லாத உணவறையின் அழைப்பு மணி மூன்று முறை அடித்ததாக வேலையாட்கள் சொன்னார்கள். சமையலறையில் வரிசையாகத் தொங்கிய மணிகள் அதன் பின் மார்ச் 27 வரை அவ்வப்போது தாமே குலுங்கின. மூர் கம்பிகள் செல்லும் வழியைத் தேடிப் பார்த்து, நாள்வாரியாகக் குறித்து, மற்ற ஊர்களில் நடந்தவற்றையும் சேர்த்து 1841இல் நூலாக்கி, விற்ற பணத்தை உட்பிரிட்ஜில் எழவிருந்த புதிய தேவாலயத்துக்குக் கொடுத்தார். மணிகள் அடித்தன என்பதற்குச் சாட்சிகள் உண்டு. ஏன் அடித்தன என்பது இன்றுவரை தீர்ந்தபாடில்லை. வீட்டுக்குள்ளிருந்த யாரோ செய்த குறும்பு என்பது என் ஊகம். மூர் கடைசிவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

அடிமை வணிக எதிர்ப்பில் பெயர் பெற்ற கிளார்க்சன் சகோதரர்களையும் இங்கே சேர்க்க வேண்டும். மூத்தவர் தாமஸ், 1816 முதல் 1846இல் இறக்கும்வரை பக்கத்து பிளேஃபோர்டு மாளிகையில் வாழ்ந்தார். அவர் ஊர்க்காரர் அல்லர். இளையவர் ஜான் ஊருக்குள்ளேயே வாழ்ந்தவர். 1792இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஏறத்தாழ 1,200 கறுப்பின மக்களைப் பதினைந்து கப்பல்களில் சியரா லியோனுக்கு அழைத்துச் சென்று, ஃபிரீடவுனில் குடியமர்த்தி, அவர்கள் பக்கம் நின்றதற்காகவே ஆளுநர் பதவியை இழந்தவர். கடைசி ஆண்டுகளில் உட்பிரிட்ஜில் வங்கித் தொழில் பார்த்து 1828இல் இறந்து, புனித மேரி தேவாலயத்தில் அடக்கமானார். அண்ணனைவிட இவரை ஊர் அதிகம் கொண்டாடியிருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

இனி இரண்டாம் கேள்வி. சிற்றூரில் மேதைகள் முளைத்தார்கள் என்பதைவிட, அந்த ஊரின் அமைப்பே இவர்களை ஒன்றுசேர்த்தது என்பதுதான் சரி. டெபென் ஆற்றின் வழியே கடலுக்குத் தொடர்பு இருந்ததால் தானியமும் நிலக்கரியும் இங்கே கைமாறின. தானியம் இருந்த இடத்தில் குவேக்கர் வங்கி வந்தது. அந்த வங்கி ஒரு கவிஞருக்குச் சம்பளம் கொடுத்தது. நீதிமன்றம் இருந்ததால் வக்கீலுக்குப் பிழைப்பு இருந்தது. லோடர் குடும்பத்தின் அச்சகமும் புத்தகக் கடையும் இருந்ததால் மூர் தம் அகராதியை அச்சிட லண்டன் வரை போக வேண்டியிருக்கவில்லை. இதைச் சொல்லும்போது, ஃபிட்ஸ்ஜெரால்டின் ஓய்வும் மூரின் ஓய்வும் வேறெங்கோ பிறர் உழைத்த செல்வத்தில் விளைந்தவை என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1859இல் இரயில் பாதை உட்பிரிட்ஜைத் தொட்டபோது பார்ட்டனும் இளைய கிராபும் இறந்துவிட்டிருந்தார்கள். அந்த வட்டம் கலைந்துவிட்டது.

நேரில் போகும் நண்பருக்குச் சில குறிப்புகள். சந்தைத் திடலில் பழைய நீதிமன்றக் கட்டடமான ஷயர் ஹாலைச் சுற்றி நின்றாலே ஃபிட்ஸ்ஜெரால்டு குடியிருந்த இடமும் புல் விடுதியும் கண்ணில் படும். ஆற்றங்கரையில் கடல் நீரின் ஏற்ற இறக்கத்தால் ஓடும் மாவாலை 1793இல் கட்டப்பட்டது. இவர்கள் எல்லோரும் பார்த்த கட்டடம் அது. ஃபிட்ஸ்ஜெரால்டின் கல்லறையை ஊருக்குள் தேட வேண்டாம். அது பூல்ஜ் கிராமத் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. ஈரானின் நிஷாப்பூரில் உமர் கய்யாமின் கல்லறையருகே இருந்த ரோஜாவின் விதையை வில்லியம் சிம்ப்சன் என்ற ஓவியர் கொண்டுவர, லண்டனின் கியூ தாவரத் தோட்டத்தில் வளர்த்த செடி 1893இல் அங்கே நடப்பட்டது. இன்று பூப்பது அதே மூலச் செடியா என்று அங்குள்ளவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். புறப்படுமுன் படிக்க நேரம் இருந்தால், கவிதையைவிட ஃபிட்ஸ்ஜெரால்டின் கடிதங்களை எடுங்கள். பார்ட்டனும் சர்ச்யார்டும் அந்த ஊரின் வானிலையும் ஆறும் அவற்றில்தான் முழுமையாக இருக்கிறார்கள்.